எத்தனை அடுப்பு எரிகிறது?

“இந்த ஊரில் நாற்பது வயது ஆள் ஒருத்தர்கூடக் கிடையாதா தம்பி?”

என் கடைசித் தாள்களைப் புரட்டிக்கொண்டே எங்கள் பேராசிரியர் கேட்டார். 1984, மாசி மாதம். நான் பி.ஏ. பொருளியல் இரண்டாம் ஆண்டு. நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காகப் பெண்ணையாற்றுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பத்து நாள் தங்கியிருந்தோம். காலையில் சாலைக்கு மண் கொட்டினோம். மாலையில் ஆளுக்கு நாற்பது வீடு என்று குடும்பக் கணக்கு எடுக்க வேண்டும். பெயர், வயது, படிப்பு, நிலம், மாடு, கடன். நான் பதினோரு வீட்டுக்கு முறையாகப் போனேன். பன்னிரண்டாவது வீட்டில் நாய் துரத்தியது. அதையே சாக்காக வைத்து ஊர்க்கோடிப் புளியமரத்தடியில் உட்கார்ந்து, மிச்சம் இருபத்தொன்பது குடும்பங்களையும் நானே உண்டாக்கினேன். கல்யாணம் செய்துவைத்தேன், பிள்ளை பெற வைத்தேன், சிலருக்குக் கறவை மாடும் வாங்கிக் கொடுத்தேன். பொய் என்று தெரிந்துவிடக் கூடாதே என்று வயதை மட்டும் வெகு கவனமாகப் போட்டேன்: 37, 43, 28, 52, 61. ரவுண்டாகப் போட்டால் சந்தேகம் வரும் என்பது என் கணக்கு.

பேராசிரியர் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார். பக்கத்தில் நின்ற நண்பனின் தாள்களை வாங்கி, வயதுக் கட்டத்தை மட்டும் சுழித்துக்கொண்டே போனார். 30, 35, 40, 40, 45, 50, 60, 60. பிறகு என்னுடையது. முதல் பதினோரு தாளிலும் அதே 40, 45, 50. பன்னிரண்டாவது தாளில் பென்சில் நின்றது.

“இதுவரைக்கும் வீட்டுக்குப் போயிருக்க. இங்கேருந்து எங்கியோ நிழலுக்குப் போயிட்ட. சரியா?”

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் திட்டவில்லை. நம் ஊரில் எத்தனை பேருக்குப் பிறந்த தேதி தெரியும், கேட்டால் நாற்பது இருக்கும், ஐம்பது இருக்கும் என்றுதானே சொல்வார்கள், உனக்கு மட்டும் எல்லாரும் ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்களா என்று கேட்டுவிட்டு, அங்கேயே கரும்பலகை இல்லாமல் ஒரு வகுப்பு எடுத்தார். 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களில் 0, 5 என்று முடியும் வயதைச் சொன்னவர்களை எண்ணு. அதை 5ஆல் பெருக்கி, அந்த வயதுக்குள் இருக்கும் மொத்த ஆட்களால் வகு. அதை நூறால் பெருக்கு. எல்லாரும் வயதைச் சரியாகச் சொல்லியிருந்தால் 100 வாக்கில் வரும். எல்லாரும் ரவுண்டாகவே சொல்லியிருந்தால் 500. இதற்கு விப்பிள் குறியீடு என்று பெயர். என் புளியமரத்துக் குடும்பங்களுக்குப் போட்டுப் பார்த்தோம். நூறுக்கும் கீழே போயிற்று. உலகத்தில் எந்த ஊரிலும் இல்லாத துல்லியம்.

அன்றிரவு இருபத்தொன்பது வெற்றுத் தாள்களைக் கையில் கொடுத்தார். மறுநாள் விடிந்ததும் நாய் இருந்த வீட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். மூன்று வருடப் படிப்பில் நான் படித்தது என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு நினைவுக்கு வருவது அந்தச் சிவப்புப் பென்சில்தான். அதற்குப் பிறகு நாற்பது வருடம், மாணவனாகவும் ஆசிரியராகவும், நான் செய்தது பெரும்பாலும் அந்தப் பென்சில் வேலை.

பொருளியல் நான் தேடிப்போன படிப்பு இல்லை. 1982இல் பிளஸ் டூ முடித்துவிட்டு அப்பாவுடன் அரசு கலைக் கல்லூரி அலுவலகத்தில் நின்றபோது இயற்பியல் நிரம்பிவிட்டது, வேதியியல் நிரம்பிவிட்டது, கணிதத்துக்கு என் மார்க் பற்றவில்லை. “ஹிஸ்டரியா, எக்கனாமிக்ஸா?” என்று கேட்டார் எழுத்தர். “எதப் படிச்சா பேங்க் வேல கெடைக்கும் சார்?” என்று கேட்டார் அப்பா. எக்கனாமிக்ஸ் என்று பதில் வந்தது. அவ்வளவுதான் கலந்தாய்வு. பின்னாளில் நானே சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்து பல நூறு பிள்ளைகளைச் சேர்த்திருக்கிறேன். பொருளியல்தான் வேண்டும் என்று கேட்டு வந்தவர்களை இரண்டு கை விரலில் எண்ணிவிடலாம். வரலாற்றுத் துறை நண்பர்களும் இதே கதையைத்தான் சொல்வார்கள். சமூக அறிவியல் என்பது எங்கள் ஊர்க் கல்லூரிகளில் மிச்சமிருக்கும் இடம். அதில் எனக்கு வருத்தம் இல்லை. மிச்ச இடத்துக்கு வருகிற பிள்ளைகளிடம்தான் சமூகம் நிறைய இருக்கிறது.

வகுப்பு தமிழ்வழி. கல்லூரியில் தமிழில் பட்டப்படிப்பு நடத்த முடியும் என்று 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தொடங்கிக் காட்டியதன் பலன் எங்களுக்குக் கிடைத்தது. நூலகத்தில் பாடநூல் நிறுவனம் போட்ட புத்தகங்கள் பழுப்பேறி அடுக்கியிருக்கும். அவற்றை எழுதியவர்கள் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. முற்றுரிமை, சில்லோர் முற்றுரிமை, சமநோக்கு வளைகோடு, தேவை நெகிழ்ச்சி என்று ஒவ்வொரு சொல்லாகச் செதுக்கியிருந்தார்கள். சில சொற்கள் எங்களைப் படுத்தியதும் உண்டு. மார்ஷல் 1890இல் எழுதிய புத்தகத்திலிருந்து வந்த ஒரு கருத்துக்கு ‘நுகர்வோர் எச்சம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு பொருளுக்குக் கொடுக்கத் தயாராக இருந்த விலைக்கும் உண்மையில் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் அது. ஆசிரியர் அந்தத் தலைப்பைப் பலகையில் எழுதியதும் கடைசி பெஞ்சில் ஒருவன் அண்ணாந்து கூரையில் இருந்த புறாவைப் பார்த்தான். அன்றைக்கு அதற்கு மேல் வகுப்பு நடக்கவில்லை.

முதலாண்டு முழுக்க இலக்கணம். தமிழ் இலக்கணம் அல்ல. ஆடம் ஸ்மித்தின் செல்வ இலக்கணம், மார்ஷலின் நல இலக்கணம், ராபின்ஸின் பற்றாக்குறை இலக்கணம், சாமுவேல்சனின் வளர்ச்சி இலக்கணம். நான்கையும் நிறைகுறைகளுடன் எழுதினால் பத்து மார்க். குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதிக்குப் புத்தகத்தில் ஆப்பிள் உதாரணம். ஒருவர் முதல் ஆப்பிளைச் சாப்பிடுகிறார், இரண்டாவது ஆப்பிளைச் சாப்பிடுகிறார், ஐந்தாவதில் பயன்பாடு பூச்சியம். எங்கள் ஊரில் ஆப்பிள் என்பது ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகும்போது வாங்குவது. அதை ஒரே ஆள் ஐந்து தின்பார் என்பதை நாங்கள் யாரும் நம்பவில்லை. ஆனால் எழுதினோம். எழுதினால் மார்க் வந்தது.

அங்கேதான் கோளாறு. எங்களில் பாதிப் பேர் கரும்பு வெட்டுக்கும் களையெடுப்புக்கும் போய்விட்டுக் கல்லூரிக்கு வந்தவர்கள். கூலி எப்படி நிர்ணயமாகிறது என்பது ரிக்கார்டோவைப் படிக்கும் முன்பே எங்களுக்குத் தெரியும். மேஸ்திரி எவ்வளவு எடுத்துக்கொள்வார், பெண்ணாளுக்கு ஏன் குறைவு, மழை பெய்தால் யார் தலையில் விழும் என்பதெல்லாம் தெரியும். வகுப்பறை வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல் அதையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய் ஆப்பிள் தின்றோம்.

புளியமரச் சம்பவத்துக்குப் பிறகு ஒருநாள் பேராசிரியர் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு தடித்த பழைய ஆங்கிலப் புத்தகத்தைக் கொடுத்தார். எனக்கு அதில் பாதி புரியவில்லை, அவர்தான் சொல்லிக் கொடுத்தார். கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர், ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்களுக்கான ரஸ்கின் கல்லூரியில் முதல்வராக இருந்தவர், 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்தார். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்களிடம் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து, கிராமத்தைப் பார்த்து எழுதி வரச் சொன்னார். அவர்கள் எழுதி வந்ததுதான் 1918இல் ‘சில தென்னிந்தியக் கிராமங்கள்’ என்ற நூலாயிற்று. தஞ்சையில் பாலக்குறிச்சி, நெல்லையில் கங்கைகொண்டான், இராமநாதபுரத்தில் வடமலைபுரம், எங்கள் தென்னாற்காட்டில் இருவேல்பட்டு. கடன் வாங்கிவிட்டு அதற்கு ஈடாகத் தன்னையே அடகுவைத்துக்கொண்ட படியாட்களைப் பற்றி அதில் வருகிறது. படியாள் என்ற சொல்லை அச்சில், அதுவும் ஆங்கில எழுத்தில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் தாத்தாவைப் பற்றி வீட்டில் தாழ்ந்த குரலில் சொல்லும் சொல் அது.

அதே ஊர்களை 1930களில் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் மறுபடி ஆராய்ந்து 1940இல் நூலாக்கினார்கள். இருவேல்பட்டுக்கு 1981இல் குகனும் ஜோன் மென்சரும் போனார்கள். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் போனார்கள். ஒரே ஊர், கிட்டத்தட்ட நூறு வருடம், தலைமுறைக்குத் தலைமுறை யாரோ ஒருவர் போய் அதே கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நிலம் யார் கையில் இருந்தது, எப்போது கை மாறியது, படியாள் முறை எப்படித் தேய்ந்தது என்று இன்று நம்மால் சொல்ல முடிகிறது என்றால், அதற்கு அடியில் கிடப்பது விடுமுறைக்கு ஊருக்குப் போன மாணவர்களின் தாள்கள். அவர்கள் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

எம்.ஏ., எம்.ஃபில். முடித்து, சில வருடம் டுடோரியலில் ஓட்டி, 1996இல் ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாக அரசுக் கல்லூரிக்கு வந்தேன். வந்த வருடமே முடிவு செய்துவிட்டேன். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளை ஒரு கிராமத்துக்குக் கூட்டிப்போய்க் கணக்கு எடுக்க வைப்பது. பாடத்திட்டத்தில் அதற்கு மார்க் கிடையாது. பஸ் சத்தம் என் கையிலிருந்துதான். “எதுக்கு சார் வம்பு?” என்று கேட்ட சக ஆசிரியர்கள் பிறகு தாங்களும் வந்தார்கள்.

முதல் கேள்வியிலேயே பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள். குடும்பத்தில் எத்தனை பேர்? எளிய கேள்விபோல் இருக்கிறது. ஒரே வீட்டில் அப்பா, அம்மா, கல்யாணமான இரண்டு மகன்கள். இது ஒரு குடும்பமா, மூன்றா? ரேஷன் அட்டையைப் பார்த்தால் மூன்று. பெரியவரைக் கேட்டால் ஒன்று. மூத்த மருமகளைக் கேட்டால் பதிலே வராது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதற்கு நல்ல ஒரு வரையறை உண்டு: வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து, ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். அதை நான் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தேன்: “குடும்பம் எத்தனைன்னு கேக்காதீங்க. இந்த வீட்ல எத்தனை அடுப்பு எரியுதுன்னு கேளுங்க.” அந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் வரும். அதோடு கேட்காத கதையும் வரும். “ரெண்டு அடுப்புதான் தம்பி. போன ஐப்பசியிலேருந்து.” அந்தப் போன ஐப்பசியில் என்ன நடந்தது என்பது வினாப்பட்டியலில் இல்லை. அதை எழுதிக்கொள்ளத் தாளின் பின்பக்கம் இருக்கிறது.

அடுத்தது மாத வருமானம். “மாசம்னு ஏது தம்பி? வேல இருக்குற நாள் இருக்கு, இல்லாத நாள் இருக்கு.” ஒரு அம்மா சொன்ன இந்த ஒரு வரியை வைத்து வேலையின்மை பற்றிய ஒரு முழுப் பாடத்தை என்னால் நடத்த முடிந்தது. மாதத்தைக் கேட்காதே, போன வாரம் எத்தனை நாள் வேலைக்குப் போனீர்கள் என்று கேள். எண்ணெய்க்கு மாதம் எவ்வளவு செலவு என்று கேட்காதே, ஒரு பாக்கெட் எத்தனை நாளைக்கு வரும் என்று கேள். 1950இல் மகலனோபிஸ் முயற்சியில் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வில் ஏழு நாள், முப்பது நாள், 365 நாள் என்று பொருளுக்குத் தக்க நினைவுக் காலம் வைத்திருப்பதன் காரணம், அந்தத் திண்ணையில் உட்கார்ந்தால்தான் புரியும். காய்கறியை ஒரு வாரத்துக்கு மேல் யாருக்கும் நினைவிருக்காது. தீபாவளித் துணியை வருடம் முழுக்க மறக்க மாட்டார்கள்.

நிலத்தைக் கேட்டால் காணிக் கணக்கு. எங்கள் பக்கம் ஒரு காணி என்பது 24 மனை, மனைக்கு 2,400 சதுர அடி. பெருக்கினால் 57,600 சதுர அடி, ஏக்கருக்கு மாற்றினால் 1.32 வரும். ஒருமுறை ஒரு பையன் காணியையே ஏக்கர் என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டான். அவன் தாளில் ஊரின் நிலம் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது. இவ்வளவு நிலத்தை ஒரே மாலையில் யாரும் அபகரித்ததில்லை என்று கிண்டல் செய்தோம். அவன் இப்போது வட்டாட்சியர் அலுவலகத்தில் நில அளவைப் பிரிவில் இருக்கிறான்.

வயதுக்கு நான் ஒரு நாட்காட்டி தயாரித்து வைத்திருந்தேன். அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி, காமராஜர் இறந்தது 1975 அக்டோபர், இந்திரா காந்தி இறந்தது 1984 அக்டோபர், தானே புயல் 2011 டிசம்பர் கடைசி. “அண்ணா செத்த வருசம் நான் வயசுக்கு வந்தேன்” என்று ஒரு பெண் சொன்னால், பதின்மூன்றோ பதினான்கோ கூட்டிக் கழித்துப் பிறந்த வருடத்துக்குப் போய்விடலாம். எங்கள் கடலூர், விழுப்புரம் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளின் வயதுக்குத் தானே புயலைப்போல உதவிய பிறப்புச் சான்றிதழ் வேறு இல்லை. அந்தப் புயலில் பலாவும் முந்திரியும் சாய்ந்த கணக்கையும் அதே மூச்சில் சொல்லிவிடுவார்கள்.

கடன் உண்டா என்று நேராகக் கேட்டால், இல்லை என்றுதான் பதில் வரும். இதில் எனக்குப் பாடம் சொன்னது ஒரு மாணவி. நானும் அவளும் ஒரே வீட்டுத் திண்ணையில் இருந்தோம். நான் கேட்டேன். கடன் இல்லை என்று அந்த அம்மா சொன்னார். எழுதச் சொன்னேன். அவள் எழுதவில்லை. வெளியே வந்ததும், “ஐயா, அவங்க காதப் பாத்தீங்களா?” என்றாள். பார்க்கவில்லை. கம்மல் இருக்க வேண்டிய இடத்தில் துளை தூர்ந்துவிடாமல் இருக்க ஈர்க்குச்சி செருகியிருந்தார்களாம். கம்மல் அடகுக் கடையில் இருக்கிறது என்பது அவளுக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது. அவள் திரும்பப் போய்த் தண்ணீர் கேட்டு, பேச்சோடு பேச்சாகத் தெரிந்துகொண்டு வந்தாள். மூத்த பெண்ணின் பிரசவத்துக்கு வைத்தது, இன்னும் மீட்கவில்லை, அதற்கு வட்டி கட்ட மகளிர் குழுவில் வாங்கியது தனி. இருபது வருடம் கிராமப்புறக் கடன் பற்றிப் பாடம் நடத்தியவன் நான். காதைப் பார்க்கத் தெரிந்திருக்கவில்லை.

இன்னொன்றையும் பெண் பிள்ளைகள்தான் கொண்டுவந்தார்கள். “வீட்டுக்காரம்மா என்ன வேலை செய்யறாங்க?” என்று கேட்டால் கணவர் சொல்வார், “அது வீட்ல சும்மாதான் இருக்கு.” சும்மா இருப்பவர் அப்போது மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பார். தேசிய மாதிரி ஆய்வில் இதற்கு இரண்டு எண்கள் உண்டு. வீட்டு வேலை மட்டும் என்றால் 92. வீட்டு வேலையோடு விறகு பொறுக்குவது, புல் அறுப்பது, தைப்பது என்று வீட்டுக்காக வேறு வேலையும் செய்தால் 93. இரண்டும் உழைப்பாளர் கணக்கில் சேராது. ஒரு மாணவி தன் சொந்த அம்மாவின் ஒரு நாளை நான்கு மணிக்கு எழுந்ததிலிருந்து அரைமணி அரைமணியாக எழுதிக்கொண்டு வந்து வகுப்பில் படித்தாள். கடைசியில், “எங்கம்மா 93 ஐயா” என்றாள். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. 2019இல் அரசாங்கமே நாடு முழுக்க நேரப் பயன்பாட்டு ஆய்வு நடத்தியபோது எனக்கு அந்தப் பெண்ணின் நோட்டுதான் ஞாபகம் வந்தது.

நான் செய்த பெரிய தவறையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வருடம் தெருக்களை வருகைப் பதிவேட்டு வரிசையில் பிரித்துக் கொடுத்தேன். எல்லாருக்கும் சமம், பாரபட்சம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். வேறொரு ஊரின் காலனியிலிருந்து வந்த ஒரு பையனுக்கு ஊர்த் தெரு விழுந்தது. நல்ல மாணவன், வகுப்பில் அவன்தான் முதல். மாலையில் வெற்றுத் தாள்களுடன் திரும்பி வந்தான்.

“என்னப்பா ஆச்சு?”

“எந்த ஊருன்னு கேட்டாங்க ஐயா. சொன்னேன். அங்க எந்தத் தெருன்னு கேட்டாங்க. சொன்னேன். வீட்ல பெரியவங்க இல்ல, அப்புறம் வான்னுட்டாங்க.”

“எல்லா வீட்லயுமா?”

“மூணாவது வீட்டுக்கு அப்புறம் நான் போகல ஐயா.”

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஆந்த்ரே பெத்தேய் தஞ்சைக் கிராமம் ஒன்றை ஆராய்ந்து 1965இல் எழுதிய நூலை நான் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அக்ரகாரத்தில் தங்கியதால் மற்றத் தெருக்காரர்களிடம் தன்னால் அவ்வளவு இயல்பாகப் பழக முடியவில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அதைப் பரீட்சைக்கு வரும் குறிப்பாக நடத்தியிருக்கிறேனே தவிர, என் வகுப்புப் பையன் ஒருவன் வாசலில் நிற்கும்போது என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. மறுநாள் நானும் அவனும் சேர்ந்து அதே தெருவுக்குப் போனோம். என்னைப் பார்த்ததும் நாற்காலி போட்டார்கள். ஒரு நாற்காலி. நான் உட்காரவில்லை, இரண்டு பேருமே நின்றுகொண்டு கேட்டோம். அவன் கேட்டான், நான் எழுதினேன். ‘தீண்டாமை: ஒரு சமூகப் பிரச்சனை’ என்று ஐந்து மார்க்குக்கு எழுதுவதற்கும் இதற்கும் உள்ள தூரத்தை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. அதன் பிறகு பதிவேட்டு வரிசையில் தெரு பிரித்ததில்லை. இருவர் இருவராகத்தான் அனுப்பினேன். யாரை யாரோடு என்பதைப் பிள்ளைகளிடமே விட்டுவிட்டேன்.

“ஐயா, இதெல்லாம் டிஎன்பிஎஸ்சியில வருமா?” என்று கேட்பார்கள். கேட்பது நியாயம். 2010 சட்டப்படி தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் இருபது சதவீதம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் இந்தப் பட்டத்துக்கு வருவதற்கு அதுவும் ஒரு காரணம். குரூப் ஃபோர் எழுதி வேலைக்குப் போனவர்கள் என் வகுப்பிலிருந்து நிறையப் பேர். அதைக் குறைத்துப் பேசும் ஆசிரியர்களை எனக்குப் பிடிக்காது. சம்பளம் வாங்கிக்கொண்டு அறிவுக்காகப் படி என்று சொல்வது சுலபம். நான் சொல்லும் பதில் இதுதான்: வராது. ஆனால் வேலைக்குப் போன பிறகு உன் மேசைக்கு முன்னால் ஒரு ஆள் மனுவோடு வந்து நிற்பார். அவரிடம் எப்படிக் கேட்பது என்பது அப்போது வரும்.

என் கோபமெல்லாம் ஜெராக்ஸ் கடை ப்ராஜெக்ட் மேல்தான். கடைசி செமஸ்டரில் ஆய்வறிக்கை கட்டாயம் என்று ஆன பிறகு, நான் இருபது வருடம் பஸ் சத்தம் கொடுத்துச் செய்த வேலைக்கு மார்க் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். வந்தது மார்க் மட்டும்தான். கல்லூரி வாசலிலேயே தலைப்பு, அட்டவணை, முடிவுரை எல்லாம் தயாராகக் கிடைக்கிறது. கறுப்பு அட்டை, தங்க எழுத்து. நூறு பேர் மாதிரி, அதில் ஆண் ஐம்பத்து நான்கு, பெண் நாற்பத்தாறு. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் போதும். ஒருமுறை அதையும் மாற்ற மறந்துவிட்டார்கள். கடலூர் மாவட்ட மீனவப் பெண்கள் பற்றிய அறிக்கையின் நடுவில் நாமக்கல் கோழிப்பண்ணைத் தொழிலாளர்கள் வந்துவிட்டார்கள். அந்தப் பையன் வாய்மொழித் தேர்வில் அசராமல் பதில் சொன்னான். அவனை நான் என்ன சொல்ல? நானும் புளியமரத்தடியில் உட்கார்ந்தவன்தான். வித்தியாசம் ஒன்றுதான்: என் பொய்யை நானே என் கையால் எழுதினேன். அதனால் அகப்பட்டேன். அச்சடித்த பொய்யில் சிவப்புப் பென்சிலுக்கு அவ்வளவாக வேலை இல்லை.

ஆனாலும் ஒரு வழி இருக்கிறது. அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, “வீட்டுக்கு வீடு எழுதின தாளைக் கொண்டா” என்று கேட்பேன். போன பிள்ளையின் தாள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மடித்த இடத்தில் கிழிந்திருக்கும். டீ வட்டம் இருக்கும். ஒரு பேனா தீர்ந்து நடுவில் வேறு மை இருக்கும். பின்பக்கத்தில் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஏதாவது ஒரு வரி கிறுக்கியிருக்கும். எம். என். ஸ்ரீனிவாஸ் 1948இல் மைசூர்ப் பக்கத்து ராம்புரா கிராமத்தில் எடுத்த கள ஆய்வின் குறிப்புகளைச் செம்மை செய்து வைத்திருந்த மூன்று படிகளும் 1970இல் ஸ்டான்ஃபோர்டில் தீவிபத்தில் எரிந்துபோயின. யாரோ வேண்டுமென்றே வைத்த தீ. அவர் பெரும்பாலும் நினைவிலிருந்தே எழுதி 1976இல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். அந்தக் கதையை மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வருடம் தவறாமல் சொல்வேன். தாள் எரிந்தாலும் போய் உட்கார்ந்தவருக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். ஆகவே தாள் தொலைந்துவிட்டது என்று சொல்கிற பிள்ளையிடம், “சரி, ஞாபகமா ஒரு வீட்டப் பத்திச் சொல்லு” என்பேன். உண்மையில் தொலைத்தவள் அரை மணி நேரம் பேசுவாள்.

2025இல் ஓய்வு பெற்றேன். இப்போது என்னிடம் இருப்பது அலமாரி நிறையப் பிள்ளைகளின் தாள்கள், என்னுடைய அந்த இருபத்தொன்பது உட்பட. இன்னும் பணியில் இருக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன்: வீட்டுத் தாளைப் பார்க்காமல் அறிக்கையில் கையெழுத்துப் போடாதீர்கள். வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். நோட்டும் பேனாவுமாக ஒரு கல்லூரிப் பிள்ளை உங்கள் வாசலில் வந்து நின்றால், எந்தத் தெரு என்று கேட்காமல் உட்காரச் சொல்லுங்கள். நாயைக் கட்டிப் போடுங்கள். வருமானத்தைக் கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். வயது சரியாகத் தெரியவில்லை என்றால், நாற்பது இருக்கும், ஐம்பது இருக்கும் என்று உங்கள் வாயில் வருவதையே சொல்லுங்கள். அந்தப் பிள்ளை அதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்.